எந்த ஊசியை எடுப்பது?



போன கிழமை ஒரு மாணவி தலையணை உறையொன்றில் பூத்தைத்துக்கொண்டு வந்தாள். பூ அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு இதழைச் சுற்றியும் துணியில் ஓட்டை. சாக்குத் தைக்கிற அளவுக்குத் தடித்த ஊசியால் தைத்திருக்கிறாள். "வீட்டில இதுதான் டீச்சர் இருந்திச்சு" என்றாள். பிள்ளையில் பிழையில்லை. நாம்தான் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் மூத்தம்மா ஊசி தெரிவு செய்யும் விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. துணியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்ப்பார். நூலில் எத்தனை இழை என்று எண்ணுவார். பிறகுதான் பெட்டியைத் திறப்பார். ஊசியின் நம்பர் அவருக்குத் தெரியாது, ஆனால் கணக்குப் பிழைக்காது.

அந்தக் கணக்கு இதுதான். நூல் போவதற்கு வழி செய்வது ஊசி. வழி சிறிதானால் நூல் உராய்ந்து பிசிறும். பெரிதானால் ஓட்டை தெரியும். மருதமுனைக் கைத்தறித் துணிக்கும் மெல்லிய வொயிலுக்கும் ஒரே ஊசி ஆகாது. பூத்தையல் ஊசிக்குக் கூரான முனை, நீண்ட காது. நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். ஆறு இழையையும் சேர்த்துத் தைக்க 3 அல்லது 4, இரண்டு மூன்று இழைக்கு 7 அல்லது 8, ஒற்றை இழைக்கு 9 அல்லது 10. புள்ளடித் தையலுக்கு மழுங்கிய முனை வேண்டும். அது துணியின் இழையைப் பிளக்காமல் இடைவெளியால் போகும். நூலைப் பல சுற்றுச் சுற்றி இழுக்கும் ரோஜாவுக்கு, காதும் உடலும் ஒரே தடிப்பான ஊசி. இல்லாவிட்டால் காது சுற்றுக்குள் சிக்கிவிடும்.

இன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த ஊசிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1550களில், மேரி அரசியின் காலத்தில், லண்டன் சீப்சைட் தெருவில் ஒரு கறுப்பின மனிதர் 'ஸ்பானிய ஊசி' எனப்பட்ட நயமான ஊசிகளைச் செய்தார். அந்தத் தொழிலை அவர் யாருக்கும் கற்றுக் கொடுக்கவில்லை என்று ஜோன் ஸ்டோவின் வரலாற்று நூலில் பதிவாகியுள்ளது. அவருடைய பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. பிறகு 1566 அளவில் எலியாஸ் குரோஸ் என்ற ஜெர்மானியர் வந்துதான் ஆங்கிலேயருக்கு அதைக் கற்பித்தார்.

அதற்குப் பிந்திய காலத்தில் ரெடிச் என்ற ஊர் உலகின் ஊசித் தலைநகரானது. ஆற்று நீரால் சுழன்ற ஆலைகளில் ஊசி மினுக்கினார்கள். முனை தீட்டியவர்களின் நிலைதான் பரிதாபம். கல்லும் உருக்கும் கலந்த தூசி நெஞ்சில் படிந்து, பலர் நாற்பது வயதைக் காணவில்லை. தூசியை இழுக்கும் விசிறி வந்தபோது, ஆபத்துக்காகக் கிடைத்த கூடுதல் கூலி குறைந்துவிடும் என்று அவர்களே அதை எதிர்த்தார்கள். வறுமை மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

மூத்தம்மாவின் ஊசிப் பெட்டி 2004 சுனாமியில் போய்விட்டது. ஆனால் அவர் உம்மாவுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். உம்மா எனக்குக் காட்டினார். சீப்சைட் மனிதரின் கைவேலை அவரோடு முடிந்தது. மூத்தம்மாவின் கணக்கு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அந்த மாணவிக்கு அடுத்த நாள் 7ஆம் நம்பர் ஊசி ஒன்று கொடுத்து, துணியை விரலில் உருட்டிப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் பூத்தைக்கத் தெரிந்த உம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால், இந்தக் கிழமையே பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த ஊசியை, ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.