ஒரு ரிவாயத்தும் ஒரு ஸஹாபியின் மானமும்

அல்குர்ஆனுக்கு முதலில் விளக்கம் சொன்னவர் யார் என்று மேல்வகுப்பு மாணவர்களிடம் கேட்டால், தபரி இமாம் அல்லது இப்னு கஸீர் இமாம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உண்மையில் அந்த இடம் நபி (ஸல்) அவர்களுக்கு உரியது. இறக்கப்பட்டதை மக்களுக்குத் தெளிவுபடுத்தும் பொறுப்பை ஸூரத்துந் நஹ்லின் 44ஆம் வசனம் அவர்களிடமே ஒப்படைக்கிறது. ஓதிக் காட்டுவதோடு அவர்களுடைய பணி முடிந்துவிடவில்லை.

அந்த விளக்கம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்? ஸூரத்துல் பகராவின் 187ஆம் வசனம், வைகறையில் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகும் வரை உண்ணவும் பருகவும் அனுமதிக்கிறது. தய் கோத்திரத்தைச் சேர்ந்த அதிய் இப்னு ஹாதிம் (ரழி) இதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டார். கறுப்புக் கயிறு ஒன்றையும் வெள்ளைக் கயிறு ஒன்றையும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, இரவில் எடுத்தெடுத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. காலையில் போய்ச் சொன்னபோதுதான், அது இரவின் இருளும் பகலின் வெளிச்சமும் என்று நபியவர்கள் விளக்கினார்கள். அதிய்யுக்கு அறபு தாய்மொழி. அவருடைய வாப்பா ஹாதிம், கொடைக்கும் கவிதைக்கும் பெயர் போனவர். அப்படிப்பட்டவருக்கே மொழியறிவு மட்டும் போதவில்லை.

இன்னொரு சம்பவம். ஈமானோடு அநியாயத்தைக் கலக்காதவர்களுக்கே அச்சமற்ற நிலை உண்டு என்ற கருத்துள்ள அன்ஆம் 82ஆம் வசனம் இறங்கியபோது ஸஹாபாக்கள் கலங்கிப் போனார்கள். தனக்குத்தானே அநியாயம் செய்யாதவர் நம்மில் யார் என்று கேட்டார்கள். நபியவர்களோ, லுக்மான் தம் மகனுக்குச் சொன்ன உபதேசத்தை நினைவூட்டி, இங்கே அநியாயம் என்பது இணைவைத்தல்தான் என்றார்கள். குர்ஆனின் ஓர் இடத்தை இன்னோர் இடத்தால் விளங்கும் முறையை இப்படி அவர்களே கற்றுக்கொடுத்தார்கள்.

நபியவர்களுக்குப் பிறகு இந்தப் பொறுப்பை ஸஹாபாக்கள் சுமந்தார்கள். ஸபா, மர்வாவுக்கிடையில் தொங்கோட்டம் ஓடுவதில் குற்றமில்லை என்று பகராவின் 158ஆம் வசனம் கூறுகிறது. அப்படியானால் ஓடாமல் விட்டாலும் பரவாயில்லைதானே என்று உர்வா தம் சாச்சி ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்டார். நீ சொல்வது சரியென்றால், ஓடாமலிருப்பதில் குற்றமில்லை என்றல்லவா வசனம் வந்திருக்க வேண்டும் என்று அன்னையவர்கள் திருத்தினார்கள். மனாத் என்ற சிலைக்காக இஹ்ராம் கட்டிவந்த மதீனாவாசிகள், அந்தப் பழக்கத்தின் காரணமாக ஸபா, மர்வாவில் ஓடத் தயங்கியதையும், அந்தத் தயக்கத்தை நீக்கவே வசனம் இறங்கியதையும் எடுத்துச் சொன்னார்கள். வரலாறும் இலக்கணமும் ஒரே பதிலில் சேர்ந்து வந்தன.

ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) வபாத்தான இமாம் ஷாபிஈ, குர்ஆனின் பொதுவான கட்டளைகளை ஸுன்னா எவ்வாறு விரிக்கிறது, வரையறுக்கிறது என்பதைத் தம் 'ரிஸாலா'வில் முறைப்படுத்தினார். ஸக்காத்தைக் கொடுக்கச் சொல்வது குர்ஆன். 200 திர்ஹம் வெள்ளிக்கு 5 திர்ஹம் என்ற கணக்கு ஹதீஸில்தான் கிடைக்கிறது. ஹிஜ்ரி 310இல் (கி.பி. 923) வபாத்தான தபரி இமாம், தமக்குக் கிடைத்த விளக்க ரிவாயத்துகளை அறிவிப்பாளர் வரிசையோடு பெருந்தொகுப்பாக்கினார்.

பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. தப்ஸீர், போர் வரலாறு, வருங்காலக் குழப்பங்கள் ஆகிய மூன்று துறைகளின் அறிவிப்புகளுக்கும் அடிப்படை இல்லை என்ற கருத்தில் இமாம் அஹ்மத் எச்சரித்திருக்கிறார். எல்லாமே பொய் என்பது இதன் கருத்தல்ல. இத்துறைகளில் பெரும்பாலானவை தொடர் அறுந்த அறிவிப்புகள் என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் தந்துள்ளனர். எனவே, தப்ஸீர் கிதாபில் இருக்கிறது என்பது மட்டும் ஓர் அறிவிப்பை ஹதீஸாக்கிவிடாது.

இதன் விளைவை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஸக்காத்தைப் பற்றிய பயான்களில் ஸஃலபா இப்னு ஹாதிபின் கதையைக் கேட்காதவர்கள் குறைவு. ஏழையாக இருந்த அவர் செல்வத்துக்காக துஆ கேட்கச் சொன்னாராம். ஆடுகள் பெருகினவாம். பள்ளிவாசல் பக்கம் வருவதை விட்டாராம், ஸக்காத்தையும் மறுத்தாராம். அவரைப் பற்றித்தான் தவ்பாவின் 75ஆம் வசனம் இறங்கியதாம். பிறகு அவர் வருந்திக் கொண்டுவந்த ஸக்காத்தை நபியவர்களும் ஏற்கவில்லை, அபூபக்ர், உமர், உஸ்மான் (ரழி) ஆகியோரும் ஏற்கவில்லை என்று கதை முடியும். "ஸஃலபாவைப் போல ஆகிடாதீங்க" என்று உபதேசமும் வரும்.

கதை தபரியில் இருக்கிறது, வரிசையோடு இருக்கிறது. அந்த வரிசையில் அலீ இப்னு யஸீத் அல்அல்ஹானி என்பவர் வருகிறார். அவரை இமாம் புகாரி மறுக்கத்தக்க ஹதீஸ்களை அறிவிப்பவர் என்று குறித்துள்ளார். இப்னு ஹஸ்ம் (ஹி. 456) கதையின் உள்ளடக்கத்தையும் சோதித்தார். ஸஃலபா முஸ்லிமாக இருந்தால் ஸக்காத்தை வாங்குவது கலீபாவின் கடமை. காபிராக இருந்தால் அறபுத் தீபகற்பத்தில் அவரை விட்டுவைத்திருக்க முடியாது. இரண்டில் எதுவானாலும் கதை நிற்காது. ஸக்காத்தை மறுத்தவர்களோடு போரே செய்த அபூபக்ர் (ரழி), கொண்டுவந்து நீட்டியவரைத் திருப்பி அனுப்பினார் என்றால் யார் நம்புவது? இப்னு ஹஜரும் (ஹி. 852) இந்த அறிவிப்பைப் பலவீனமானது என்றே சொல்கிறார்.

இத்தனைக்கும், ஸஃலபா இப்னு ஹாதிப் பத்ரில் கலந்துகொண்ட அன்ஸாரி ஸஹாபி. உஹதில் ஷஹீதானார் என்றும் ஒரு தகவல் உண்டு. அது சரியானால், ஹிஜ்ரி 9ஆம் ஆண்டையொட்டி இறங்கிய வசனத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இருக்க முடியாது. ஆனாலும் நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் 'ஜலாலைன்' அந்த வசனத்தில் அவருடைய பெயரைத்தான் சொல்கிறது. அந்தப் பகுதியை எழுதிய ஸுயூத்தி இமாமே, வசனங்கள் இறங்கிய காரணங்களைப் பற்றிய தமது இன்னொரு நூலில் இதே அறிவிப்பின் வரிசை பலவீனமானது என்று எழுதியிருக்கிறார். ஒன்றை மட்டும் ஓதியவருக்கு மற்றது தெரியாமல் போகிறது.

இதைக் காரணம் காட்டி, "ஹதீஸே வேணாம், குர்ஆன் மட்டும் போதும்" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஸஃலபாவின் மானத்தைக் காப்பாற்றியது ஹதீஸ்கலைதான். வரிசையைக் கேட்டவர்களும், அறிவிப்பாளரை நிறுத்தவர்களும் இல்லாவிட்டால், இந்தக் கதையை மறுக்க இன்று நம் கையில் என்ன இருந்திருக்கும்? ஹதீஸ் இல்லாமல் நாம் அதிய்யின் கயிற்றோடு நிற்போம். சோதனை இல்லாமல் ஒரு பத்ர் ஸஹாபியை நயவஞ்சகராக்குவோம்.

ஸக்காத்தைப் பற்றி எச்சரிக்க ஸஹீஹான விளக்கம் இல்லாமலும் இல்லை. ஸக்காத் கொடுக்கப்படாத செல்வம் மறுமையில் பாம்பாகிக் கழுத்தைச் சுற்றும் என்று சொல்லிவிட்டு, ஆலஇம்ரானின் 180ஆம் வசனத்தை நபியவர்கள் ஓதியதாக புகாரியிலேயே வருகிறது. மிம்பரில் இதைச் சொன்னால் போதும். தவ்பாவின் 75ஆம் வசனத்தில் அல்லாஹ் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. அவன் சொல்லாமல் விட்ட இடத்தில், உறுதியில்லாத ஓர் அறிவிப்பை வைத்து நாம் பெயர் எழுதத் தேவையில்லை. செய்தி வந்தால் விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்பதும் அதே குர்ஆனின் கட்டளைதானே.