கர்ணம் வீட்டுக் கணக்கும் கணினிச் சிட்டாவும்

ஆரணி என்றதும் பட்டுச்சேலைதான் ஞாபகம் வரும். நாம் பேசவந்தது அதையல்ல. பொன்னேரிக்கு மேற்கே, ஆரணியாற்றங்கரையில் இருக்கிற ஆரணியை. 1997இல் திருவள்ளூர் பிரியும்வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். வருவாய்த்துறை தன் கணக்குமுறையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்ட மாவட்டம் அது. 1767 - 74இல் பர்னார்டு கம்பெனிக்காகச் சர்வே எடுத்தபோதும் கணக்குப்பிள்ளைகளின் பனையோலையைத்தான் நம்பவேண்டியிருந்தது. எழுதும் கை யாருடையது என்பதுதான் அன்றிலிருந்தே கேள்வி.

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர்கள் நிலமற்று வைக்கப்பட்டிருப்பதை 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. அப்படிக் கிடைத்ததே பஞ்சமி நிலம்: பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக்கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே. நிபந்தனை மேலே சட்டம். கீழே, கர்ணத்தின் 'அ' பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் ஒரு வரி. ஆதிக்கச் சாதிக்காரர் வீட்டுப் பெட்டிக்குள் கிடந்த அந்த வரிதான் சேரிக்காரரின் மொத்தப் பாதுகாப்பு!

பரம்பரை உரிமை செல்லாது என 1960இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்ணம், மணியம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில்தான் அவசரச்சட்டம் போட்டு ஒழித்தது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். இதை நாம் வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் அதே நேரத்தில், 1979இல் தொடங்கி 1987வரை, நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் (சனங்கள் வாயில் 'யுடிஆர்') நடந்துகொண்டிருந்தது. பழைய பதிவேடுகளைப் புதியதாக எழுதும் வேலை. அனுபவத்தில் யார் இருக்கிறாரோ அவர் பேரில் பட்டா ஏறியது. பல கிராமங்களில் பழைய நிபந்தனைக் குறிப்பு புதுப் பதிவேட்டுக்கு வந்துசேரவேயில்லை. பிடுங்கிக்கொண்டவனுக்கு வாரிசுக் கணக்கு. பறிகொடுத்தவனுக்கு வெற்றுக் கலம்.

பிறகு வந்த கணினி இந்த யுடிஆர் பதிவேட்டைத்தான் தின்றது. 'தமிழ்நிலம்' மென்பொருள் அதை ஊருக்கெல்லாம் காட்டுகிறது. சிட்டா எடுக்க லஞ்சம் தேவையில்லை என்பது சின்ன விஷயமில்லை, ஒத்துக்கொள்வோம். ஆனால் கர்ணத்தோடு சண்டை போடலாம், திரையோடு எப்படிப் போடுவது? "சிஸ்டத்துல அப்படித்தாங்க இருக்கு, அது யுடிஆர் தப்பு, மேல மனு குடுங்க" என்பதோடு முடிந்துபோகிறது. சிப்காட்டுக்குப் பின் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நிலத்தின் விலை ஏறியிருக்கிற காலத்தில் அந்த 'மேல' ரொம்ப தூரம்.

மனு போடுகிறவர்கள் யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைத்தான் முதலில் கேட்கவேண்டும். 2005க்குப் பின் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. அந்தப் பதிவேடு தாலுகா ஆபீஸ் பதிவறையில், கறையான் மிச்சம் வைத்திருந்தால், இன்னும் காகிதமாகவே இருக்கிறது.