வில்லும் கணுவும்



கட்டடமாயினும், பாலமாயினும், ஆகாய விமானமாயினும் அதன் வலிமை உறுப்புகளில் மட்டும் இல்லை. உறுப்போடு உறுப்பு சேரும் இடத்திலும் இருக்கிறது. ஏணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கழிகள் எவ்வளவு உறுதியானவையாயிருப்பினும், படிகள் பொருந்தும் துளைகள் தளர்ந்துவிட்டால் அந்த ஏணியில் ஏறத் துணிவார் உண்டோ? இவ்வுண்மையைத் தச்சரும் கொல்லரும் நெடுங்காலமாக அறிவர். ஆனால் அதனைக் கணக்கிட்டு எண்ணாகச் சொல்லும் ஆற்றல் மனிதனுக்கு மெல்ல மெல்லத்தான் கைவந்தது. அது கைவந்த வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இக்காலப் பொறியியலறிஞர் ஒரு பாலத்தைக் கட்டுமுன் அதனைக் கணிப்பொறிக்குள் கட்டிப் பார்க்கிறார். பாலம் முழுவதையும் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கிறார். கூறுகள் ஒன்றோடொன்று சேரும் புள்ளிகளுக்குக் கணு என்று பெயர். கரும்பிலும் மூங்கிலிலும் நாம் காணும் கணுவைப் போன்றதே இது. ஒரு பகுதி முடிந்து மறு பகுதி தொடங்கும் இடம். இரண்டு கணுக்கள் இறுகப் பிணைந்தும் இல்லை, முற்றிலும் பிரிந்தும் இல்லை என்னும் நிலை வரும்போது, அவற்றுக்கிடையே ஒரு சுருள்வில்லை மாட்டுகிறார். பொதுப் பேச்சில் நாம் ஸ்பிரிங் என்கிறோமே, அதுதான். திரையில் அது ஒரு சிறு கோடு. அருகில் ஓர் எண். அச்சிறு கோட்டுக்குப் பின்னால் முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட சிந்தனை நிற்கிறது.

அச்சிந்தனையின் தலைவாயிலில் நிற்பவர் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக். சுருள்வில்லால் ஓட்டம் சீராகும் கடிகாரத்தை முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு அக்காலத்தில் அவருக்கும் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸுக்கும் இடையே மூண்டிருந்தது. தம் கண்டுபிடிப்பைப் பிறர் கவர்ந்துகொள்வரோ என்று அஞ்சிய ஹூக், 1676-இல் அதனை 14 இலத்தீன் எழுத்துகளாகக் கலைத்து ஒரு புதிர்போல அச்சிட்டார். 1678-இல் அவரே புதிரை அவிழ்த்தார். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்பதே அதன் பொருள். ஒரு மடங்கு இழுத்தால் ஒரு மடங்கு விசை. இரு மடங்கு இழுத்தால் இரு மடங்கு விசை. இவ்விதியைத் தாம் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்டதாகவும் அவர் எழுதினார். இவ்வளவு எளிய உண்மையையா பூட்டி வைத்தார் என்று நமக்குத் தோன்றும். ஆனால் பின்வந்த கட்டுமானக் கணக்கெல்லாம் பெரும்பாலும் இந்த எளிமையின் மீதே எழுந்தது.

அடுத்த பெரும் படி பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. 1821-இல் நவியே என்ற பொறியியலறிஞர், பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின்முன் ஓர் ஆய்வுரையை வைத்தார். திண்பொருள் என்பது எண்ணற்ற துகள்களின் கூட்டம். அருகருகே உள்ள இரு துகள்கள் விலகினாலும் நெருங்கினாலும், அம்மாற்றத்துக்கு ஏற்ற அளவில் அவற்றிடையே விசை பிறக்கிறது என்று கொண்டு அவர் தம் சமன்பாடுகளை வகுத்தார். கற்சுவரும் இரும்புத் தூணும் அவர் மனக்கண்ணில், கண்ணுக்குத் தெரியாத விற்களால் இணைந்த புள்ளிகளாகத் தோன்றின என்றே சொல்லலாம்.

மண்ணையும் வில்லாகக் கண்டவர் ஜெர்மானியரான எமில் விங்க்லர். பிராக் நகரில் பேராசிரியராயிருந்த அவர், 1867-இல் வெளியிட்ட நூலில், இருப்புப்பாதையின் தண்டவாளம் எப்படி வளைகிறது என்று ஆராய்ந்தார். தண்டவாளத்தைத் தாங்கும் நிலத்தை, ஒன்றையொன்று சாராத எண்ணற்ற விற்களின் வரிசையாக அவர் உருவகித்தார். அழுத்தம் எவ்வளவோ அமிழ்வும் அவ்வளவு. இந்த உருவகம் முழு உண்மையன்று. கயிற்றுக் கட்டிலில் ஓரிடத்தில் கையை ஊன்றினால், சுற்றியுள்ள கயிறுகளும் தாழ்கின்றன அல்லவா? நிலமும் அப்படித்தான். விங்க்லரின் விற்களோ அழுத்திய இடத்தில் மட்டும் தாழும். அடுத்த வில் அசையாது. இக்குறை தெரிந்திருந்தும் அம்முறை இன்றுவரை கையாளப்படுகிறது. எளிமையே அதன் சிறப்பு.

இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்துகள் ஒன்றுகூடத் தொடங்கின. இரஷ்யாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஹ்ரென்னிகாஃப், 1941-இல், ஒரு தகட்டினை எளிய கம்பிகளின் சட்டகமாக மாற்றிக் கணக்கிடலாம் என்று காட்டினார். நாஜி ஆட்சியால் ஜெர்மனியை விட்டு நியூயார்க் சேர்ந்த கணித மேதை கூரன்ட், 1943-இல், ஒரு பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து விடை தேடும் வழியைக் குறிப்பிட்டார். வித்து இருந்தது, முளைக்கத்தான் நிலம் இல்லை. ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைக் கையால் தீர்க்க யாரால் முடியும்? கணிப்பொறி வரும்வரை அந்த வித்து காத்திருந்தது.

அது முளைத்த இடம் அமெரிக்காவின் போயிங் விமானத் தொழிற்சாலை. பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆசிரியரான ரே கிளஃப், 1952-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அங்குச் சென்று டர்னர் என்பவரின் குழுவில் சேர்ந்தார். முக்கோண வடிவான விமான இறகு எவ்வளவு வளையும் என்பதே கேள்வி. முதலில் இறகை உத்திரங்களின் கூட்டமாகக் கொண்டு கணக்கிட்டார். மாதிரி இறகின் சோதனை முடிவோடு அது பொருந்தவில்லை. மறு ஆண்டுக் கோடையில் அவர் மீண்டும் சென்றபோது, இறகின் மேற்றகட்டைச் சிறு முக்கோணங்களாகவே பிரிக்கலாம் என்று டர்னர் கருத்துரைத்தார். கணக்கும் சோதனையும் நெருங்கின. டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரும் எழுதிய அக்கட்டுரை 1956-இல் வெளிவந்தது. அதே காலத்தில் இலண்டனில் ஆர்கைரிஸ் இத்துறைக்கு உறுதியான அடிப்படை அமைத்தார். 1960-இல் கிளஃப் இம்முறைக்கு ‘ஃபைனைட் எலிமெண்ட்’ என்று பெயர் சூட்டினார். தமிழில் இதனை வரம்புறு கூறு முறை எனலாம்.

இனி, இம்முறையின் உள்ளே நிகழ்வதைச் சற்றுப் பார்ப்போம். வானொலியில் கரும்பலகை இல்லை. ஆகவே மனத்தையே பலகையாகக் கொள்ளுங்கள். ஏழாம் கணுவுக்கும் பன்னிரண்டாம் கணுவுக்கும் இடையே ஒரு வில் இருக்கிறது. அதனை ஒரு மில்லிமீட்டர் நீட்ட 50 நியூட்டன் விசை வேண்டும். இந்த 50-ஐயே வில்லின் விறைப்பு என்கிறோம். வில்லின் திசையில் ஒரு கணு 4 மில்லிமீட்டரும் மற்றது அதே பக்கமாக 1 மில்லிமீட்டரும் நகர்ந்தால், வில்லுக்கு நேரும் மாற்றம் 3 மில்லிமீட்டர். அதில் பிறக்கும் விசை 150 நியூட்டன். இரண்டு கணுக்களும் சேர்ந்தே 4 மில்லிமீட்டர் நகர்ந்தால்? வில்லில் விசையே இல்லை. அசைவன்று, அசைவின் வேறுபாடே வில்லுக்குப் பொருட்டு.

கணிப்பொறி இதனை எப்படி நினைவில் வைக்கிறது? கட்டுமானம் முழுவதற்கும் ஒரு பெரிய எண் அட்டவணை உண்டு. கணிதத்தில் அதனை அணி என்பர். ஒவ்வொரு கணுவும் ஒரே திசையில்தான் அசையும் என்று எளிமைக்காகக் கொள்வோம். அப்போது ஏழாம் நிரையும் ஏழாம் நிரலும் கூடும் கட்டத்தில் 50-ஐக் கூட்டு. பன்னிரண்டாம் நிரையும் பன்னிரண்டாம் நிரலும் கூடும் கட்டத்திலும் கூட்டு. ஏழும் பன்னிரண்டும் குறுக்கே சந்திக்கும் இரு கட்டங்களிலும் 50-ஐக் கழி. அவ்வளவே! ஒரு வில்லை மாட்டுவது என்பது நான்கு கட்டங்களைத் திருத்துவதுதான். ஒரு கணுவை வில்லால் நிலத்தோடு இணைக்க வேண்டுமாயின், நிலம் அசைவதில்லையாதலால், ஒரே கட்டத்தில் கூட்டினால் போதும். விங்க்லரின் நிலம் முழுவதையும் இப்படியே கணிப்பொறிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

இந்த எளிய கருவி ஓர் அரிய சிக்கலைத் தீர்த்தது. இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட் உத்திரத்தில், கம்பியும் கான்கிரீட்டும் ஒன்றாக அசைகின்றனவா? சுமை மிகும்போது கம்பி சற்றே வழுக்குகிறது. கான்கிரீட் கீறல் விடுகிறது. இதனைக் கணக்கில் கொண்டுவருவது எப்படி? 1967-இல் ங்கோ, ஸ்கார்டெலிஸ் என்ற இருவர் வழி கண்டனர். ஒரே இடத்தில் இரண்டு கணுக்களை வைத்தனர். ஒன்று கம்பிக்கு உரியது, மற்றொன்று கான்கிரீட்டுக்கு உரியது. அவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு விற்களால் பிணைத்தனர். ஒரு வில் வழுக்கலை எதிர்க்கும். மற்றது பிரிவை எதிர்க்கும். அவ்விற்களுக்கு நீளமும் இல்லை, பருமனும் இல்லை. விறைப்பு மட்டுமே உண்டு. உருவமற்றதாயினும் வேலை செய்யும் அந்த இணைப்பு, பற்று என்னும் பண்பையே எண்ணாக்கிக் காட்டியது. மறு ஆண்டு, 1968-இல், குட்மன், டெய்லர், பிரெக்கி ஆகிய மூவரும் பாறைகளின் பிளவுகளுக்கு இதையொத்த வழியை வகுத்தனர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா உருவாக்கிய நாஸ்ட்ரான் என்ற மென்பொருளிலும் இரு கணுக்களை இணைக்கும் வில்லுக்கு ஒரு தனி இடம் கிடைத்தது.

மாணவ நண்பர்களே, இவ்வளவு எளிதில் மாட்டத்தக்க வில், எளிதில் ஏமாற்றவும் வல்லது. மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும்.

முதலாவது, திசை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கணுக்களைக் கிடைத்திசையில் இயங்கும் வில்லால் இணைத்தால் என்ன ஆகும்? மேற்கணு வலப்புறம் இழுக்கப்படும். கீழ்க்கணு இடப்புறம் இழுக்கப்படும். விசைகள் சமம், ஆனால் ஒரே கோட்டில் இல்லை. வண்டியின் திசைச் சக்கரத்தை இரு கைகளும் எதிரெதிராகத் தள்ளித் திருப்புவதுபோல, இல்லாத ஒரு திருப்பம் கட்டுமானத்தில் புகுந்துவிடும். ஆகவே அத்தகைய வில்லை ஒரே இடத்தில் உள்ள கணுக்களுக்கிடையே மாட்ட வேண்டும். அன்றேல் கணுக்களைச் சேர்க்கும் கோட்டின் திசையிலேயே அது இயங்க வேண்டும்.

இரண்டாவது, மிகை. இறுகப் பிணைக்க விரும்புவோர் சிலர் விறைப்புக்கு மிகப் பெரிய எண்ணைக் கொடுத்துவிடுவர். எட்டு இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும் பொறியிடம் 1,00,00,00,000-உடன் 1-ஐக் கூட்டச் சொன்னால், அது அந்த ஒன்றை இழந்துவிடும். பெரிய எண்ணின் நிழலில் சிறிய உண்மைகள் மறைந்துபோகும்.

மூன்றாவது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது. மண் இயலின் தந்தை எனப்படும் டெர்சாகி, 1955-இல் எழுதிய கட்டுரையில், நிலத்தின் விறைப்பெண் மண்ணின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. சுமை தாங்கும் பரப்பின் அகலத்தையும் பொறுத்தது என்று தெளிவாக்கினார். சிறு தகட்டை அழுத்திச் சோதித்துக் கண்ட எண்ணை, பெரிய அடித்தளத்துக்கு அப்படியே எடுத்தாளலாகாது.

கணிப்பொறி நாம் சொன்னதைச் செய்யும். நாம் சொன்னது சரியா என்று கேளாது. நார்வே நாட்டில் ஸ்லைப்னர் என்ற எண்ணெய் மேடைக்கான பெரும் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்டு 23-ஆம் நாள் கடலில் மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை, பொருட்சேதமோ மிகப் பெரிது. அங்குப் பிழை வில்லில் இல்லை. கூறுகளைப் பிரித்த முறையில் இருந்தது. அதனால் அறுக்கும் விசை, இருக்க வேண்டியதைவிட 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டது. கம்பிகளும் அவ்விடத்தில் போதிய அளவு ஊன்றப்படவில்லை. சுவர் உடைந்த இடம் எது தெரியுமா? சுவர்கள் ஒன்றோடொன்று கூடும் மூலை. சேரும் இடமே அங்கும் சோதனைக்களம் ஆயிற்று.

ஆதலால் என் மாணவர்களிடம் நான் எப்போதும் கேட்பது ஒரே கேள்வி: இந்த இரண்டு பொருள்களும் உண்மையில் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன? ஆணியாலா, பசையாலா, எடையாலா, உராய்வாலா? இக்கேள்விக்கு விடை திரையில் கிடைக்காது. பட்டறையிலும், கட்டும் களத்திலும், சோதனைச் சாலையிலும்தான் கிடைக்கும். வில்லுக்கு நாம் கொடுக்கும் எண், அந்த விடையின் சுருக்கம். ஹூக் தம் விதியைப் புதிராக மறைத்தார். பிறகு தாமே அவிழ்த்தார். நீங்கள் இடும் எண்ணையும் கேட்பவர்க்கு அவிழ்த்துக் காட்ட உங்களால் முடிய வேண்டும். முடியுமாயின் அந்தச் சிறு கோட்டை நம்பிப் பாலம் கட்டலாம். முடியாவிடில், கோட்டை அழித்துவிட்டுக் களத்துக்குச் சென்று பார்த்து வாருங்கள்.