சில சொட்டுப் பெற்றோல்

1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதானது. மோட்டார் சைக்கிளையும் தோட்டத்து வாட்டர் பம்பையும் சனங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணினார்கள்; சூடேறிய பிறகு மண்ணெண்ணெயே போதும்.

அந்தச் சில சொட்டு இன்றும் நல்ல சோதனை. ஸ்டார்ட் ஆகாத பழைய எஞ்சினின் பிளக்கைக் கழற்றி, சில சொட்டு விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். ஒரு கணம் ஓடி நின்றால் பிளக்கில் நெருப்பு வருகிறது. பெற்றோல் வரும் வழியில்தான் அடைப்பு, காபரேட்டரைக் கழுவுங்கள். சத்தமே இல்லையென்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள்.

தட்டுப்பாடு கற்றுத்தந்த கைவேலை இது. தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே நம் பிள்ளைகள் கேட்டுப் படிக்கட்டும்.