முற்றத்தில் நின்றவன்

1923 ஆகஸ்ட் 3, கல்கத்தாவின் சங்கரிடோலா தபால் நிலையம். சப்-போஸ்ட்மாஸ்டர் பின்னறையில் மேஜைமுன் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருக்கிறார். முற்றத்திலிருந்து வரும் கதவருகே சிலர் தோன்றிப் பணத்தைக் கேட்கிறார்கள். கேட்ட கையோடு சுட்டும்விடுகிறார்கள். எதையும் எடுக்காமல் ஆளுக்கொரு திசையில் ஓட்டம். ஒருத்தனை மட்டும் தபால் நிலைய ஊழியர் ஒருவரும் இன்னும் சிலரும் விடாமல் துரத்துகிறார்கள். அவன் சுட்டுக்கொண்டே ஓடுகிறான், இவர்கள் நிற்பதாக இல்லை. துப்பாக்கியை வீசியெறிந்த கொஞ்ச நேரத்தில் மாட்டிக்கொள்கிறான். பெயர் பரேந்திர குமார் கோஷ்.

அவன் சொன்னது இதுதான்: நான் உள்ளே போகவில்லை, முற்றத்தில் நின்றேன், பயந்துபோயிருந்தேன்.

ஜூரி அவனைக் கொலைக் குற்றவாளி என்றது, தூக்கு. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கேள்வி இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு. பலர் சேர்ந்து செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் தானே தனியாகச் செய்ததுபோலப் பொறுப்பு என்கிறது அது. 1860இல் எழுதியபோது அவ்வளவுதான் இருந்தது. ‘அனைவரின் பொது எண்ணத்தை நிறைவேற்றும் பொருட்டு’ என்ற சொற்களை 1870இல்தான் சேர்த்தார்கள். அந்தச் சில சொற்களில் எத்தனை பேரின் கழுத்து சிக்கியிருக்கிறது!

எல்லோரும் ஒரே செயலைச் செய்தால்தான் 34 பொருந்தும் என்பது பரேந்திரன் தரப்பு வாதம். உதாரணமும் காட்டினார்கள்: ஒருவன் கழுத்தில் கயிறு மாட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையை இழுத்துக் கொல்வது. லார்ட் சம்னர் அந்தக் கயிற்றையே பிடித்துக்கொண்டார். இங்கேயும் அவனவன் தன் முனையைத் தன் பலத்தால்தானே இழுக்கிறான், ஒரே செயல் எங்கே இருக்கிறது? கூடவே மில்டனின் ஒரு வரியையும் இழுத்துவந்தார். கண்பார்வை போன கவிஞன் கடவுளுக்குச் செய்யும் தொண்டைப் பற்றி எழுதிய வரி, காவல் நின்றவனைக் கொலைக் குற்றவாளி என்று உறுதிசெய்யப் பயன்பட்டது. 1924 அக்டோபரில் மேல்முறையீடு தள்ளுபடி.

தர்க்கம் சரிதான். ஆனால் அந்த எண்ணம் எல்லோருக்கும் பொது என்று எப்படித் தெரியும்? என் வேலையில் லாக் ஃபைலைப் பார்த்தால் எந்த நொடியில் என்ன நடந்தது என்று தெரியும். எழுதியவன் மனசில் என்ன இருந்தது என்று எந்த லாகிலும் இருக்காது. நேரில் பார்த்த சாட்சி பத்துப் பேர் இருந்தாலும் எண்ணத்தைப் பார்த்தவர் யாருமில்லை. அந்த ஒரு அம்சத்தில் எல்லாக் கூட்டுக் கொலை வழக்கும் சந்தர்ப்ப சாட்சிய வழக்குதான்.

சந்தர்ப்ப சாட்சியத்துக்கு நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ரொம்பக் கறாரானது. மனைவி விஷத்தால் இறந்த வழக்கில் கணவர் ஷரத் சார்தாவை உச்ச நீதிமன்றம் 1984இல் விடுவித்தபோது ஐந்து நிபந்தனைகளை வகுத்தது. அதற்குப் ‘பஞ்சசீலம்’ என்றே பெயர். அதன் சாரம்: சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது, குற்றம் தவிர வேறு எந்த விளக்கத்துக்கும் இடமிருக்கக் கூடாது.

இந்தக் கறார்தனத்தை எண்ணத்தின் மேலும் வைத்தால் என்ன ஆகும்? 1943 ஆகஸ்டில் சிந்து நதிக்கரையில் நாணல் அறுத்துக்கொண்டு படகில் திரும்பிய அல்லா தாத் கூட்டத்தை காசிம் ஷா மறிக்கிறான். கைகலப்பில் அடிபட்டு உதவிக்குக் கூப்பிடுகிறான். வலி ஷாவும் 19 வயது மஹ்பூப் ஷாவும் துப்பாக்கியோடு வருகிறார்கள். வலி ஷா சுட்டதில் அல்லா தாத் அங்கேயே சாகிறான். மஹ்பூப் சுட்டது வேறொருவனை. அவனுக்குக் காயம் மட்டும். வலி ஷா தலைமறைவு. மஹ்பூபுக்கு மரண தண்டனை, லாகூர் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது.

1945 ஜனவரியில் பிரிவி கவுன்சில் தீர்ப்பை எழுதியவர் சர் மாதவன் நாயர், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். இருவருக்கும் ஒரே மாதிரி எண்ணம் இருப்பது வேறு, இருவரும் சேர்ந்து ஒரு எண்ணம் கொள்வது வேறு என்றார் அவர். நடுவில் இருப்பது மெல்லிய சுவர்தான், ஆனால் அதைக் கலைத்தால் அநீதி. இருவரும் வந்தது காசிமைக் காப்பாற்ற. அதற்கு மேல் கொல்வதென்று பேசி வைத்ததற்குச் சாட்சியம் இல்லை. மஹ்பூப் மீதான கொலைத் தீர்ப்பு ரத்தானது.

பரேந்திரனும் மஹ்பூபும் இருவருமே கையில் துப்பாக்கியோடு நின்றவர்கள். சுடாமல் நின்றதாகச் சொன்னவன் கொலைகாரன் ஆனான், சுட்டவன் கொலைப் பழியிலிருந்து தப்பினான். முரண் மாதிரி தெரிகிறது, இல்லையா? ஆனால் தபால் நிலையத்துக்குப் பணம் கேட்கத் துப்பாக்கியோடு போகிறவர்கள் முன்பே பேசி வைத்திருக்கத்தான் வேண்டும். நதிக்கரையில் பேசி வைக்க நேரமே இல்லை.

2024 ஜூலை 1 முதல் 34ஆவது பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(5) ஆகிவிட்டது. 1870இன் அந்தச் சொற்கள் அதிலும் அப்படியே இருக்கின்றன.