அளந்து போட்ட உதவி

பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 நேச நாட்டுச் சிப்பாய்கள் உயிரோடு மீண்டார்கள். ஆட்கள் வந்துவிட்டார்கள், பீரங்கிகளும் லாரிகளும் அங்கேயே கிடந்தன. 1940 ஜூன் 22-ல் பிரான்ஸ் பணிந்தது. மேற்கு ஐரோப்பாவில் ஹிட்லரை எதிர்த்து நிற்கும் பெரிய நாடு பிரிட்டன் ஒன்றுதான் என்று ஆயிற்று. அப்போது சக ஜனநாயகமான அமெரிக்கா ஓடோடி வந்து தோள்கொடுத்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்கா ஓடி வரவில்லை. பேரம் பேசி, ஓட்டெடுத்து, ஒவ்வோர் அடியாகத்தான் வந்தது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அதுதான் நடந்தது. அளந்து போட்டதால்தான் அந்த உதவி போர் முடியும்வரை வற்றவில்லை என்பது என் கட்சி.

முதல் உலகப் போரில் லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்கா, 1935 முதல் நடுநிலைச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தது. போரிடும் நாட்டுக்கு ஆயுதம் விற்கக் கூடாது. 1939 நவம்பரில் கொஞ்சம் தளர்த்தினார்கள்: விற்கலாம், ஆனால் கையில் காசு, வாங்கியவரே சுமந்து போக வேண்டும். பிரிட்டனுக்காகக் கலிபோர்னியாவில் செய்த ஹட்சன் விமானங்களைக் கனடா எல்லையில் பார்த்தால் இந்தச் சட்டத்தின் லட்சணம் தெரியும். கனடா ஏற்கெனவே போரில் இறங்கியிருந்தது. அமெரிக்க விமானி ஒருவர் எல்லை தாண்டிப் பறந்தால் சட்ட மீறல். ஆகவே வடக்கு டகோட்டாவின் பெம்பினாவில், எல்லையை ஒட்டிய வயலில் விமானத்தை இறக்குவார்கள். குதிரைகளைப் பூட்டி அந்தப் பக்கம் இழுத்துப் போவார்கள். அங்கே வேறு விமானி ஏறிப் பறப்பார்.

ரொக்கம் கொடுத்து வாங்கியே பிரிட்டனின் கஜானா கரைந்தது. 1940 செப்டம்பரில் முதல் உலகப் போர்க்காலத்துப் பழைய நாசகாரிக் கப்பல்கள் 50 கிடைத்தன. அதே ஏற்பாட்டில் நியூபவுண்ட்லாந்து முதல் டிரினிடாட் வரை தன் மண்ணில் தளம் அமைக்க 99 ஆண்டுக் குத்தகையை பிரிட்டன் எழுதிக் கொடுத்தது. டிசம்பரில் பிரதமர் சர்ச்சில், டாலர் தீரும் நாள் நெருங்கிவிட்டது என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அடுத்த மாதமே ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், பிரிட்டனின் தங்கத்தில் ஏறத்தாழ 14.8 கோடி டாலர் மதிப்புள்ளதை ஏற்றிக்கொண்டு திரும்பியது. வீடு எரிகிற பக்கத்து வீட்டுக்காரனிடம் குழாயின் விலையைக் கேட்பேனா, தீ அணைந்ததும் திருப்பித் தந்தால் போதாதா என்று ரூஸ்வெல்ட் நிருபர்களிடம் சொல்லிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன!

அந்தக் குழாய் உவமையிலிருந்து பிறந்ததுதான், உடனடிக் காசு கேட்காமல் தளவாடத்தை இரவலாகக் கொடுக்க வழிசெய்த கடன்-குத்தகைச் சட்டம். மசோதாவுக்கு இட்ட எண் 1776. பிரிட்டனிடமிருந்து அமெரிக்கா தன் விடுதலையை அறிவித்த ஆண்டு. இதை யோசித்தவர் குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும். இரண்டு மாதம் காரசாரமாக விவாதித்தார்கள். போர்த்தளவாடத்தை இரவல் கொடுப்பது சூயிங்கம்மை இரவல் கொடுப்பது போல, திரும்பி வந்தால் யார் வாங்கிக்கொள்வது என்று செனட்டர் டாஃப்ட் கேலி செய்தார். பிரதிநிதிகள் சபையில் 260-க்கு 165, செனட்டில் 60-க்கு 31. 1941 மார்ச் 11-ல் சட்டமானது.

ஜெர்மன் குண்டுவீச்சில் லண்டன் எரிந்துகொண்டிருக்கையில் இத்தனை தாமதமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1919-ஐ நினைத்துப் பாருங்கள். ஜெர்மனி மறுபடி தாக்கினால் துணைக்கு வருவோம் என்று அதிபர் வில்சன் பிரான்சுக்கு ஒப்பந்தமே எழுதிக் கொடுத்தார். செனட் அதற்கு ஒப்புதல் தரவேயில்லை. அமெரிக்க வாக்கை நம்பி பிரிட்டன் கொடுத்திருந்த வாக்கும் சேர்ந்தே காலாவதியானது. 1941-ல் அப்படி இல்லை: எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களின் வாதம்கூட அவையிலேயே கேட்டு முடிந்திருந்தது. அதன்பின் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதில் பெரிய தடை எழவில்லை.

இன்னொரு கேள்வி: தளம் வாங்கி, தங்கம் வாங்கிச் செய்தால் அது வியாபாரம் அல்லவா? 1941 மார்ச் வரை பெரும்பாலும் வியாபாரம்தான். அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. லண்டன் இல்லத்தரசியின் அலமாரியில் அமெரிக்க முட்டைப்பொடி வந்து உட்கார்ந்தது. ஒரு பொட்டலம் ஒரு டஜன் முட்டைக்குச் சமம். பிரிட்டனுக்கும் அதன் சாம்ராஜ்யத்துக்கும் போன சரக்கின் மதிப்பு 3,000 கோடி டாலரைத் தாண்டும். போரில் செலவழிந்ததற்கு ஒரு சென்ட்கூடக் கேட்கவில்லை. மிஞ்சியதற்கும் வந்துகொண்டிருந்ததற்கும் சேர்த்து 65 கோடியில் கணக்கை முடித்தார்கள். முன்பு கிடைத்த அந்த 50 ஓட்டைக் கப்பல்களில் ஒன்று, கேம்பெல்டவுன் என்ற புதுப் பெயரோடு, 1942 மார்ச்சில் வெடிமருந்தைச் சுமந்துகொண்டு பிரான்சின் சென் நசேர் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் துறையின் கதவில் மோதி வெடித்தது. போர் முடியும்வரை ஜெர்மானியர்களுக்கு அந்தத் துறை உதவவில்லை.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் சமாதானம் இல்லை. எந்த ஜனநாயகம்? 1939 செப்டம்பர் 3-ல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் இறக்கினார். அதைக் கண்டித்துத்தான் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை விலகியது. தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்று 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டோடு சேர்ந்து அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்ட சர்ச்சில், அடுத்த மாதமே காமன்ஸ் சபையில் அது இந்தியாவுக்குப் பொருந்தாது என்றார். அந்தப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் சீருடை அணிந்தார்கள். அவர்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

அளந்து போட்டவர்கள் அளவு முடிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். ஜப்பான் பணிந்த ஒரே வாரத்தில், 1945 ஆகஸ்ட் 21-ல், கடன்-குத்தகையை அதிபர் ட்ரூமன் நிறுத்தினார். பிரிட்டனுக்காகப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் வாஷிங்டனுக்குப் போய் மாதக்கணக்கில் மன்றாடி, 2 சதவீத வட்டியில் 375 கோடி டாலர் கடன் பெற்றார். அதன் கடைசித் தவணையை பிரிட்டன் கட்டி முடித்தது 2006 டிசம்பரில்.