படம் எப்படி சார்?

"பிக்சர் ஹேகிதே சார்?"

2025 ஜூன் 9, திங்கட்கிழமை காலை. கேஷ் கவுன்ட்டர் இன்னும் திறக்கவில்லை. பக்கத்து சீட் நண்பர், ஹாசன்காரர், காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். படம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார், அவ்வளவுதான். பதில் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆனது. சில லோன் ஃபைல்களில் கையெழுத்துப் போடக்கூட நான் அவ்வளவு யோசித்ததில்லை (மேலதிகாரிகள் யாரும் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்) :)

விஷயம் இதுதான். படம் 'தக் லைஃப்'. 'நாயகன்' வந்த 1987க்கு அப்புறம் மணிரத்னமும் கமலும் சேர்ந்த படம். மே மாதம் சென்னையில் நடந்த விழாவில், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்கிற மாதிரி கமல் பேசப்போக, இங்கே பற்றிக்கொண்டது. மன்னிப்புக் கேட்காவிட்டால் படம் வராது என்றது கர்நாடக ஃபிலிம் சேம்பர். அவர் கேட்கவில்லை. ஜூன் 5ஆம் தேதி உலகமெல்லாம் வந்த படம் பெங்களூரில் வரவில்லை. ஜூன் 7, சனிக்கிழமை, பக்ரீத் லீவு. தங்கமணி "இந்த வெயில்ல உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டதைப் பொருட்படுத்தாமல், அத்திப்பள்ளி தாண்டி நாற்பது கிலோமீட்டர் ஓசூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

எனக்குப் படம் பிடிக்கவில்லை.

இதை ஹாசன்காரரிடம் எப்படிச் சொல்வது? நன்றாக இல்லை என்றால் ஏதோ நான் கட்சி மாறிவிட்ட மாதிரி எனக்கே தோன்றும். நன்றாக இருக்கிறது என்றால் அது பொய். கடைசியில் "சுமார்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்த அரை நிமிஷம் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. படம் பார்த்தவன் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்? அந்த யோசனையில் விளைந்ததுதான் இந்தப் பதிவு. நான் பி.காம். சரித்திரம் படித்தவனில்லை. தப்பிருந்தால் திருத்துங்கள்.

நம்ம ஊரில் பார்வையாளன் கருத்தை அச்சில் ஏற்றியவர்களில் முக்கியமானவர் கல்கி. 1930களில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியில் கச்சேரி, நாடகம் என்று எதையும் விட்டுவைக்காமல் எழுதினார். வைத்துக்கொண்ட புனைபெயர் 'கர்நாடகம்'. பழைய பஞ்சாங்கத்தை அப்போது கர்நாடகப் பேர்வழி என்பார்கள். 'நான் பெரிய நிபுணன் இல்லை, பழைய காலத்து ஆள், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்' என்கிற தோரணை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அதே விகடன் பின்னால் படங்களுக்கு மார்க் போட ஆரம்பித்தது. 1977ல் வந்த '16 வயதினிலே'க்கு 62½. அதைத் தாண்டி எந்தப் படமும் வாங்கியதில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் என் பரீட்சை மார்க்கைவிட அந்த மார்க்குக்கு மதிப்பு அதிகம்.

பார்க்கிறவன் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 1954ல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, படம் ஓடவில்லை. இன்றைக்குத் தமிழின் நல்ல படங்களைப் பட்டியல் போட்டால் அது இல்லாமல் முடியாது. 2003ல் 'அன்பே சிவம்' தியேட்டரில் படுத்தது. நானும் அப்போது போய்ப் பார்க்கவில்லை. அப்புறம் டிவியில் பார்த்து உருகினவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அதே ஜனங்கள்தான் 'சேது'வைத் தூக்கி நிறுத்தினார்கள். 1999 டிசம்பரில் வந்தபோது வாங்க ஆளில்லை. சென்னையில் பகல் காட்சி கிடைத்ததே பெரிய பாடு. போஸ்டர் பார்த்து யாரும் வரவில்லை. பார்த்தவன் டீக்கடையில் சொன்னான், அதைக் கேட்டவன் ஹாஸ்டலில் சொன்னான். பகல் காட்சி எல்லாக் காட்சியாக மாறி, நூறு நாள் ஓடி, விக்ரம் என்ற நடிகருக்கு வாழ்க்கை கிடைத்தது. திருநெல்வேலியில் நான் போனதும் ஒரு சிநேகிதன் "ஏல, போய்ப் பாருல" என்று சொன்னதால்தான். அவன் சொன்ன விமர்சனம் மொத்தம் மூன்றே வார்த்தை.

இதற்குப் பெங்களூர்க் கதை ஒன்று உண்டு. 1972ல் ராஜ்குமார் நடித்த 'பங்காரத மனுஷ்ய' வந்தது. ஊருக்குத் திரும்பிப் போய் விவசாயம் செய்கிறவனின் கதை. கெம்பே கௌடா ரோட்டில் இருந்த ஸ்டேட்ஸ் தியேட்டரில் இரண்டு வருஷம் ஓடியது என்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பட்டணத்து வேலையை விட்டுக் கிராமத்துக்குத் திரும்பியவர்கள் உண்டு என்று இன்றைக்கும் இங்கே பேச்சு. எங்கள் பழைய வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பற்றி ஆரம்பித்தால் வாடகை விஷயத்தையே மறந்துவிடுவார். (மாதக் கடைசியில் நானே ஆரம்பித்துவைப்பேன்.)

நான் இங்கே வந்தது 2003ல். சீக்கிரமே ஒன்றைக் கவனித்தேன். தமிழ்ப்படம் பற்றி நம்மவர்கள் பேசும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு நண்பர் காரணம் சொன்னார். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்ற உத்தரவை ஒட்டி இங்கே கலவரம் நடந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. தெருவில் தமிழ் பேசாதே என்று அவர் அப்பா சொல்லியிருக்கிறார். 2000ல் வீரப்பன் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் காட்டில் வைத்திருந்தபோதும் அதே நிலைமை. அப்போதெல்லாம் தியேட்டர்தான் முதலில் அடைபடும். 'படம் எப்படி?' என்ற கேள்விக்கே இடமில்லை.

நான் வந்த அடுத்த வருஷமே, மற்ற மொழிப் படங்கள் ஏழு வாரம் கழித்துத்தான் இங்கே வரவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு. 2008ல் 'குசேலன்'. ஒகேனக்கல் விவகாரத்தில் பேசியதற்கு ரஜினி வருத்தம் தெரிவித்த பிறகுதான் கர்நாடகத்தில் படம் வந்தது. 2018ல் 'காலா'வுக்குக் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது.

குசேலனை நினைத்துப் பாருங்கள். அத்தனை ரகளைக்குப் பிறகு வந்த படம் எப்படி? தமிழ்நாட்டிலேயே ஓடவில்லை. அங்கே இருப்பவன் "மொக்கை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். இங்கே நாங்கள் அதைக்கூடச் சுற்றும்முற்றும் பார்த்துச் சொன்னோம். நன்றாக இல்லை என்று சொன்னால், வரக்கூடாது என்று சொன்னவர்களோடு சேர்ந்துவிடுமோ என்று பயம். தடை ஒரு படத்தை மட்டும் நிறுத்துவதில்லை. பார்த்தவனின் நேர்மையான கருத்தையும் கெடுத்துவிடுகிறது. சுமாரான படத்துக்காகக்கூட நெஞ்சை நிமிர்த்த வேண்டியதாகிவிடுகிறது.

சினிமாவை விடுங்கள், சீரியலுக்கு வருவோம். இந்தியாவில் சீரியல் பார்க்கிறவர்களின் பேச்சு உண்மையிலேயே செல்லுபடியான ஒரு காலம் இருந்தது. 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. மெக்ஸிகோவில் தொடர் நாடகம் மூலம் ஜனங்களுக்கு நல்லது சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எடுத்தது. எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. எபிசோட் முடிவில் அசோக் குமார் வந்து நாலு வார்த்தை பேசுவார். முதல் பதின்மூன்று எபிசோடில் குடும்பக் கட்டுப்பாடு உபதேசம் தூக்கலாக இருந்தது. ஜனங்கள் ரசிக்கவில்லை. உபதேசத்தைக் குறைத்தார்கள், கதை ஏறியது. 1985 டிசம்பரில் முடிவதற்குள் தூர்தர்ஷனுக்கு வந்த கடிதங்கள் சுமார் 4 லட்சம்! இன்லண்ட் லெட்டர் வாங்கி, எழுதி, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, தபால் பெட்டி வரை நடந்து போய்ப் போட்ட 4 லட்சம் கருத்துகள். கதை போகிற போக்கும் அதைப் பார்த்து மாறியது.

இன்னொரு வேடிக்கை. அதில் பாகவந்தி என்று ஓர் அம்மா. எல்லாருக்கும் அடங்கி எல்லாவற்றையும் தாங்குகிறவள். 'இப்படி இருக்காதீர்கள்' என்று காட்டத்தான் அந்தப் பாத்திரத்தை வைத்தார்கள். பிறகு ஆய்வு செய்தவர்கள் போய்க் கேட்டால், 'பெண் என்றால் அவள் மாதிரி இருக்க வேண்டும்' என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். எழுதினவர் ஒன்று நினைக்க, பார்க்கிறவர் வேறொன்றை எடுத்துக்கொள்கிறார். கேட்டதால்தானே அது தெரிந்தது?

இப்போது யாரும் கேட்பதில்லை. அளக்கிறார்கள். முதலில் டைரி, அப்புறம் மீட்டர், 2015லிருந்து பார்க் அமைப்பின் கணக்கு. சேனல் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு இருக்கும், வீட்டிலுள்ள மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதற்கு ஆளுக்கு ஒரு பட்டன். 2020ல் இப்படி சுமார் 44,000 வீடுகள் இருந்தன. அப்போது நாட்டில் டிவி இருந்த வீடுகள் 21 கோடி. தொழில் பழக்கம், வகுத்துப் பார்த்தேன். ஒரு வீடு ஏறத்தாழ 4,770 வீடுகளுக்காகப் பேசுகிறது. மாதிரிக் கணக்கு என்ற வகையில் இதில் தப்பில்லை. நாங்களும் ஆடிட்டில் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லையே. என் சந்தேகம் வேறு. அந்த மீட்டருக்கு என்ன தெரியும்? டிவி ஓடியது தெரியும். யார் உட்கார்ந்திருந்தார் என்பது தெரியும். அவர் என்ன சொன்னார் என்பது தெரியாது.

இங்கே எங்கள் அம்மாவைக் கொண்டுவந்தே ஆகவேண்டும். அப்பா போன பிறகு திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டு 2009ல் எங்களோடு வந்துவிட்டாள். கன்னடம் இன்றைக்கும் "ஹாலு, மொசரு" அளவுதான். 'சித்தி', 'மெட்டி ஒலி' காலத்திலிருந்தே சீரியல் உண்டு என்றாலும், இங்கே வந்த பிறகு அதுதான் அவளுக்கு அக்கம்பக்கம். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது கேபிளில் தமிழ்ச் சேனல்களை நிறுத்தினார்கள். பஸ் எரிவதைப் பற்றி நாங்கள் பதறிக்கொண்டிருக்க, அம்மா இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு இன்னிக்கு என்ன ஆச்சோ" என்றாள். நான் எரிந்து விழுந்தேன். "ஊரே எரியுது, உனக்கு சீரியலா?" அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் அவளிடம் தமிழில் பேச வீட்டில் எங்களைத் தவிர வேறு குரலே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அம்மா சும்மா பார்க்க மாட்டாள். திட்டிக்கொண்டே பார்ப்பாள். 2022ல் 'எதிர்நீச்சல்' ஆரம்பித்தது. 'கோலங்கள்' எடுத்த அதே திருச்செல்வம். அதில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன், வீட்டுப் பெண்களை மிதிக்கிறவர். தினமும் ராத்திரி அவருக்கு எங்கள் ஹாலில் அர்ச்சனை நடக்கும். "நாசமாப் போறவன், இவன் வெளங்குவானா?" ஆனால் அவர் வராத நாளில் "இன்னிக்கு சப்புன்னு இருக்கு" என்பாள். பெண்களின் பக்கம் நின்ற கதையில், ஜனங்கள் அந்த வில்லனைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பாகவந்தி கதைதான், தலைகீழாக.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி மாரிமுத்து மாரடைப்பில் இறந்துபோனார். அன்றைக்கு ராத்திரி அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "எம்புட்டு திட்டிருப்பேன் அந்த மனுசன..." என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் வீட்டில் மீட்டர் இருந்திருந்தால் இதை எப்படிப் பதிவு செய்திருக்கும்? திட்டின நாளும் ஒரு பட்டன், தொண்டை அடைத்த நாளும் அதே பட்டன். 4 லட்சம் கடிதம் எழுதினவர்களிடம் இருந்தது, 44,000 மீட்டரில் இல்லை.

திரும்ப ஆபீஸுக்கு வருகிறேன். ஜூன் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கும்பல் சொல்வதை வைத்துப் படத்தை நிறுத்த முடியாது என்று சொன்னது. அதற்குள் மற்ற ஊர்களிலேயே படம் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இங்கே திரைக்கு வராமலே போனது. பார்த்துவிட்டு 'நன்றாக இல்லை' என்று சொல்லும் வாய்ப்பு பெங்களூர்க்காரர்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. நான் ஓசூர் வரை பெட்ரோல் செலவு செய்து வாங்கிவந்தேன்.

சில வாரம் கழித்து ஹாசன்காரர் குடும்பத்தோடு ஒரு கன்னடப் படம் போய்வந்தார். திங்கட்கிழமை நான் கேட்டேன். "பிக்சர் ஹேகித்து சார்?" அவரும் கொஞ்சம் யோசித்தார். தமிழனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார் போல. அப்புறம் சொன்னார்: "சுமாராகித்து."

அவர்களுக்கும் அதே வார்த்தைதான். எந்த மொழியிலிருந்து எது பிறந்தது என்று ஊரே சண்டை போட்ட வருஷம் அது. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். சுமார், தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. பாரசீகத்திலிருந்து வந்ததாம். அங்கே அதற்குக் கணக்கு, எண்ணிக்கை என்று அர்த்தம்.

கணக்குப்பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அடுத்த தடவை படம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே அவரிடம் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். அவரும் சொல்வார் என்று நம்புகிறேன்.

உள்ளே அம்மா யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு யாரை என்று கேட்க வேண்டும்.